பன்னிரண்டடிச் சாட்டின் கொடி

ஜனவரி மாதம் பாதி தாண்டினால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். மதுரங்குளியில் ஒரு பள்ளிவாசல் நிர்வாகம், பாலாவியில் ஒரு பாடசாலை, கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்காகப் புதிதாகத் திறந்த ஏதாவது ஒரு ஹோட்டல். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "டீச்சர், சுதந்திர தினத்துக்குக் கொடி வாங்கணும். வெளியில பறக்க உடுறதுக்கு என்ன சைஸ் நல்லம், என்ன துணி நல்லம்?"

நான் மனையியல் படிப்பிக்கிறவள். துணி என் பாடம். கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும், சொல்கிறேன். ஆனால் போனை வைத்த பிறகு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு எரிகிறது. இதே கேள்வியை ஒருகாலத்தில் எங்கள் பாடசாலையிலும் என்னிடம் கேட்டார்கள். என் பதில் பிடிக்கவில்லை என்று தங்களுக்குப் பிடித்ததை வாங்கினார்கள். அதனால் வந்த வினையை எங்கள் காவலாளியின் தலையில் கட்டினார்கள். அந்த மனிதர் வேலையையும் இழந்தார், இருந்த வீட்டையும் இழந்தார். கட்டியவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். வழியில் கண்டால் எனக்குச் சலாமும் சொல்கிறார்கள்.

எங்கள் பாடசாலை கற்பிட்டி வீதியோரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் வெங்காயத் தோட்டங்களும் நாங்களும். காற்றுக்கு இங்கே மறிப்பு என்று ஒன்றும் கிடையாது. வாடைக் காற்று முடிந்து கொஞ்ச காலம் அடங்கியிருக்கும். மே மாதம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கினால் செப்டம்பர் வரை ஓயாது. அந்தக் காற்றை நம்பித்தான் வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்க வருகிறார்கள். அதே காற்றில்தான் எங்கள் கூரைத் தகரமும் போகும், கயிற்றில் காயப்போட்ட உடுப்பும் போகும். உப்பு வேறு. புதுப் பூட்டு வாங்கிப் போட்டால் அடுத்த வருடம் அதை உடைத்துத்தான் கதவு திறக்க வேண்டும்.

எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் சிலர் தேவாலயங்களில் குண்டு வெடிக்கவைத்த அந்த ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம்களான எங்கள் ஆட்களை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் இருந்தது. தெற்கே கரையோர ஊர்களில் எங்களவர்களின் கடைகள் எரிந்தன. புத்தளம் பஸ்ஸில் நான் போய் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த பெண் எழும்பிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கும் மட்டும் நின்றுகொண்டேதான் வந்தாள். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று நடந்தது. சிலர் வெளியே போவதைக் குறைத்தார்கள். சிலர் கடைத்தெருவில் தங்களுக்குள்ளேயே சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தை நடத்துகிற ஹாஜியாருக்கு அந்தப் பயம் கொடியாக வந்தது.

ஹாஜியார் கொழும்புக்கு வெங்காயமும் கருவாடும் ஏற்றுகிறவர். சொந்தமாக லொறிகள் வைத்திருக்கிறார். பாடசாலைக்கு நிறையச் செய்திருக்கிறார், இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். கிணறு, மதில், பெண்பிள்ளைகளுக்கான மலசலகூடம் எல்லாம் அவர் கட்டிக் கொடுத்ததுதான். ஆனால் கொடுக்கிற கையோடு வாயும் சேர்ந்தே வரும். அவர் கதைக்கும்போது குறுக்கே ஒரு வார்த்தை போட எங்கள் அதிபருக்கே தைரியம் கிடையாது.

அந்த ஜனவரிக் கூட்டத்தில் ஹாஜியார்தான் பேச்சை எடுத்தார்.

"எங்கட கம்பத்துல கொடி ஈக்குதா இல்லையா எண்டு ரோட்டுல போறவனுக்குத் தெரியுதில்ல. நேவிக்காரன் போறான், டூரிஸ்ட் போறான், கட்சிக்காரன் போறான். எல்லாருக்கும் தெரியணும். இந்தப் பக்கத்துல எவன்ட கொடியும் எங்கட கொடிய உடப் பெருசா ஈக்கக் கூடாது."

அதிபர் என்னைப் பார்த்தார். "டீச்சர், ஒங்கட பாடம்தானே இது. சொல்லுங்களேன்."

சொன்னேன். இன்றைக்குப் போனில் சொல்வதைத்தான் அன்றைக்கும் சொன்னேன். முதலில் கடைக்குப் போகாதீர்கள், கம்பத்தடிக்குப் போங்கள். கம்பத்தின் உயரத்தை நாலாகப் பிரித்தால் கொடியின் நீளம் வரும். நீளத்தில் பாதி அகலம், அது நம் நாட்டுக் கொடிக்கு உள்ள கணக்கு. எங்கள் கம்பம் இருபதடி இரும்புக் குழாய். அதற்கு ஐந்தடிக்கு இரண்டரையடி போதும், ஆசைப்பட்டால் ஆறுக்கு மூன்று. அதற்குமேல் போனால் அது காற்றுக்குத் துணி வாங்கிக் கொடுக்கிற வேலை.

துணியைப் பற்றியும் சொன்னேன். பருத்தி பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் ஒரு மழையில் ஊறிக் கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். நைலோன் சின்னக் காற்றுக்கும் எழும்பிப் பறக்கும், இந்த வெயிலில் நிறம் நிற்காது. சாட்டின் மண்டபத்துக்குள்ளே மேசைக்குப் பின்னால் நிறுத்தி வைக்கிற கொடிக்கு உரியது. மினுக்கத்துக்காக நூலை மேலே மிதக்கவிட்டு நெய்த துணி அது, எங்கேயாவது உரசினால் நூல் எழும்பிவிடும். எங்கள் காற்றுக்குத் தோதானது பின்னல் பொலியெஸ்டர். காற்றைத் தனக்குள்ளால் போகவிடும், நனைந்தாலும் கெதியாகக் காயும். பறக்கிற பக்கத்து ஓரத்தை மடித்து நாலு வரிசை தைக்க வேண்டும், ஏனென்றால் அடி விழுவது அந்த ஓரத்துக்குத்தான். கயிறு கட்டுகிற பக்கம் கித்தான் பட்டி வைக்க வேண்டும். பின்னேரம் இறக்க வேண்டும். நூல் பிரியத் தொடங்கினால் அன்றைக்கே இறக்கித் தைக்க வேண்டும்.

ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆறடியா டீச்சர்? ஆறடி மௌத்தானவனுக்குக் கபன் போடத்தான் காணும்."

கூட்டத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அதிபரும் சிரித்தார். இறந்தவரைச் சுற்றுகிற கபன் துணிக்குக் கூட ஆறடி போதாது என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கொழும்புக்கு வெங்காயம் கொண்டுபோன லொறி திரும்பி வரும்போது கொடி வந்தது. பன்னிரண்டுக்கு ஆறு. சாட்டின். ஓரத்தில் ஒரேயொரு தையல், அதுவும் பேருக்குப் போட்டது. மேசையில் விரித்தபோது மேசை போதாமல் இரண்டு பக்கமும் தொங்கியது. ஆசிரியைகள் தடவித் தடவிப் பார்த்தார்கள். "என்ன வழுவழுப்பு!" என்றாள் ஒருத்தி. கலியாணச் சாரிக்குத் துணி எடுத்த மாதிரித்தான் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் காவலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வன்னியில் பிறந்த தமிழர். யுத்தத்தில் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்து, புத்தளத்தில் முகாமில் இருந்து, பிறகு எங்கள் பாடசாலைக்குக் காவலாளியாக வந்தவர். பாடசாலைக் காணியின் பின்மூலையில் சங்கம் கட்டிய இரண்டறை வீட்டில் புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். காலையில் நெற்றியில் திருநீறோடு கேற்றைத் திறப்பார். நோன்பு மாதத்தில் எங்கள் பிள்ளைகள் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஊரில் எல்லாரும் என்னை டீச்சர் என்பார்கள், அவர் மட்டும் ரீச்சர் என்பார். இத்தனை வருடம் எங்களோடு இருந்தும் அந்த நாக்கு மாறவில்லை. ஆனால் பாடசாலையைப் பற்றிக் கதைத்தால் "எங்கட பள்ளிக்கூடம்" என்பார், பிள்ளைகளை "எங்கட பிள்ளையள்" என்பார். சங்கத்துக்காரர்களே அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

கொடி ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. பழைய சின்னக் கொடியை ஒரு கையால் மடித்துவிடுவார். இந்தக் கொடிக்கு மனைவியையும் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. காற்று விழுந்த நேரத்தில் அதன் கீழ்நுனி பிள்ளைகளின் முழங்கால் உயரத்துக்குத் தொங்கும். கொடி நிலத்தில் படக்கூடாது என்று பயந்து, இடைவேளையில் அதனடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து அதில் முகம் துடைக்கப் பார்ப்பார்கள், அவர் விரட்டுவார்.

சுதந்திர தினம் நல்லபடியாக நடந்தது. ஹாஜியார் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். கொடி வீதியிலிருந்து மட்டுமல்ல, களப்பில் தோணியில் போகிறவர்களுக்கும் தெரிந்தது. அதை யாரோ வந்து சொன்னபோது அவருக்கு வாய் கொள்ளாத சந்தோசம்.

நான் சொன்னதில் ஒன்றையாவது எங்கள் காவலாளி செய்துவந்தார். பின்னேரம் கொடியை இறக்கிவிடுவார். ஒருநாள் அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் அந்த வழியால் போனபோது வெறும் கம்பத்தைக் கண்டிருக்கிறார். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

"இனி எறக்க வாணாம். ராவும் பகலும் பறக்கட்டும். கொடி இல்லாத கம்பத்த எவனாவது போட்டோ எடுத்துப் போட்டா என்ன செய்ற?"

இரவில் கொடி பறக்கக் கூடாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். லைட் போட்டால் பறக்கலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கம்பத்தடியில் ஒரு லைட் பூட்டினார். அந்த வெளிச்சத்துக்கு இரவெல்லாம் பூச்சிதான் வந்தது.

மே மாதம் கச்சான் வந்தது. அந்தப் பெரிய துணி அடிபடுகிற சத்தத்தில் கம்பத்துக்குப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்த முடியாது. படார் படார் என்று பகல் முழுக்க அடிக்கும். பிள்ளைகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்வையில் இருந்தார்கள். முதலில் ஓரத்து மஞ்சள் கரை நூல் நூலாகப் போனது. நம் கொடியில் பச்சையும் செம்மஞ்சளும் கம்பத்தோடு ஒட்டிய பக்கம் இருக்கின்றன, சிங்கம் பறக்கிற பக்கம் இருக்கிறது. ஆகவே காற்றின் அடி முழுவதும் சிங்கத்துக்குத்தான். மஞ்சள் கரைக்குப் பிறகு அந்தப் பக்கத்து இரண்டு அரச இலைகளும் கந்தலாகின. அப்புறம் சிங்கத்தின் வால்.

நான் அதிபரிடம் போய்ச் சொன்னேன். "சேர், இதை இறக்கச் சொல்லுங்க. நாளைக்குப் பிரச்சினை வரும்."

"ஹாஜியார்ட்டச் சொல்றேன் டீச்சர்" என்றார். அவர் சொன்னாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. காவலாளி தானாகவே ஹாஜியாரிடம் சொல்லியிருக்கிறார், அது தெரியும்.

அது தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குச் சனம் போகத் தொடங்கிய நேரம். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகவும் வான்களிலும் கத்தோலிக்கர்கள் எங்கள் பாடசாலை வாசலைக் கடந்துதான் போவார்கள். குண்டு வெடித்தது அவர்களின் தேவாலயங்களில். அவர்கள் கண்ணில் எங்கள் கொடி பட வேண்டும் என்பதுதான் ஹாஜியாரின் ஒரே நினைப்பு. அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அவர்களுக்குத் தெரியட்டும், நாங்கள் அப்படியான ஆட்கள் இல்லை என்று தெரியட்டும் என்ற தவிப்புத்தான்.

ஒரு பின்னேரம் நான் மனையியல் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது காவலாளி வந்தார்.

"ரீச்சர், அந்தத் துணி வெட்டுற கத்திரிக்கோலை ஒருக்காத் தாறியளே?"

"எதுக்கு?"

"ஹாஜியார் கொடியில தொங்கிறதை வெட்டச் சொன்னவர்."

கத்திரிக்கோலைக் கொடுக்காமல் அவரோடு கம்பத்தடிக்குப் போனேன். கொடி பாதிக்கு இறக்கியிருந்தது. ஹாஜியார் அதன் ஓரத்தைத் தன் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஹாஜியார், வெட்டாதீங்க" என்றேன். "காத்து கிழிச்சது காத்து கிழிச்ச மாதிரித் தெரியும். வெட்டினா வெட்டின மாதிரித்தான் தெரியும். என்ட கையில தாங்க, வீட்ட கொண்டுபோய்க் காலையில தச்சுக் கொண்டுவாறன்."

"அதுவரைக்கும் கம்பம் சும்மா நிக்கவா? தலவிலக்குச் சனம் போற நேரம் டீச்சர். தொங்குறத எடுத்துட்டா அழகா ஈக்கும்."

"வால் இல்லாத சிங்கம் அழகா ஈக்குமா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் கத்திரிக்கோலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வீதியில் நின்ற லொறியிலிருந்து சாக்கு வெட்டுகிற கத்தியை எடுத்துவரச் சொல்லி, தன் கையாலேயே காவலாளியிடம் கொடுத்தார். காவலாளி என்னைப் பார்த்தார், பிறகு ஹாஜியாரைப் பார்த்தார். சம்பளமும் வீடும் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதைத்தானே செய்ய முடியும். வெட்டினார். ஹாஜியார் இழுத்துப் பிடிக்க, மேலிருந்து கீழ்வரை நேராக வெட்டினார். மஞ்சள் கரை போனது, இரண்டு அரச இலை போனது, வால் போனது. வாளைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் இல்லாமல், சிங்கம் திரும்பக் கம்பத்தில் ஏறியது.

படம் எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. போகிற வாகனத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். சிலாபத்தில் இருக்கிற என் பழைய சிநேகிதி ஒருத்திதான் முகநூலில் கண்டு எனக்கு அனுப்பினாள். மேலே சிங்களத்தில், முஸ்லிம் பாடசாலையில் சிங்கத்தின் வாலை வெட்டி, போதி இலையை வெட்டிக் கொடி ஏற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. கீழே எழுதியிருந்தவற்றை நான் வாசித்து முடிக்கவில்லை. பாடசாலையைக் கொளுத்த வேண்டும் என்றும் ஒருவன் எழுதியிருந்தான். எங்கள் பிள்ளைகள் இருக்கிற இடம் அது.

அடுத்த பாடசாலை நாளில் பொலிஸ் ஜீப் வந்தது. கொடியை இறக்கி எடுத்தார்கள். காவலாளியை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி கேற்றடி வரைக்கும் ஓடிவந்து, வீதியில் நின்றுவிட்டாள். நாங்கள் வகுப்புகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொடி ஏற்றுகிறவர் அவர்தானே, அதனால் விசாரிக்கக் கொண்டுபோயிருப்பார்கள், விளங்கப்படுத்தினால் விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மனையியல் அறையிலிருந்து ஒரு துண்டுச் சாட்டினை எடுத்துக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். பொறுப்பதிகாரி வயதான சிங்களவர். மரியாதையாக உட்காரச் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். சாட்டின் துண்டின் ஓரத்தை அவருடைய மேசை விளிம்பில் தேய்த்துக் காட்டினேன். நூல் பொலபொலவென்று பிரிந்தது. இந்தத் துணி, இந்த அளவு, இந்தக் காற்று, இது கிழியாமல் இருந்தால்தான் அதிசயம் என்று சொன்னேன்.

அவர் கடைசிவரை கேட்டார். "நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது" என்றார். "காற்று கிழித்திருக்கும். ஆனால் பிறகு கத்தியால் வெட்டியும் இருக்கிறார்கள். அது யார் என்று நாங்களாகத் தேடவில்லை. உங்கள் சங்கத்தை நடத்துகிற ஹாஜியாரே வந்து சொன்னார். யாருக்கும் சொல்லாமல் காவலாளி வெட்டினான், ஆள் புலிகள் இருந்த வன்னிப் பக்கம், மனதுக்குள் என்ன இருக்கிறதோ தெரியாது என்று சொன்னார்."

எரிக்கச் சொல்லி முகநூலில் எழுதியவன் மீது வராத ஆத்திரம் அந்தக் கதிரையில் இருந்தபோது வந்தது. அவன் எங்களை அறியாதவன். இவர்களோ அந்த மனிதரின் கையால் கேற்றுத் திறக்க வைத்தவர்கள், கலியாணத்துக்குக் கதிரை சுமக்க வைத்தவர்கள். கம்பத்தடியில் நடந்தது முழுவதையும் நான் வாக்குமூலமாகக் கொடுத்தேன். கத்தி யாருடையது, ஓரத்தைப் பிடித்தது யார், எல்லாம் சொன்னேன். வேறு யாராவது கண்டார்களா என்று அதிகாரி கேட்டார். அதிபரின் கந்தோர் ஜன்னல் கம்பத்துக்கு நேரே இருக்கிறது என்றேன். அதிபரிடம் கேட்டபோது, அந்த நேரம் பைல்கள் பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பின்னேரமே சங்கத்துக்காரர்கள் அதிபரின் கந்தோருக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஹாஜியார் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் மெல்லக் கதைத்தார், அதுதான் தாங்கவில்லை.

"டீச்சர், கொஞ்சம் யோசிங்க. என்ட பேரு வந்தா அது என்னோட நிக்குமா? ஸ்கூலுக்கு வரும், பள்ளிக்கு வரும், ஊருக்கு வரும். எங்கட புள்ளைகள்தான் நாளைக்கு அடி வாங்கும். அவன்ட பேரு வந்தா அவனோட முடிஞ்சிது."

"அவர் என்ன பாவம் செஞ்சார்?"

"ஒண்டும் செய்யல்ல. நான் இல்லேங்கல்ல. வக்கீல் புடிச்சுக் குடுப்போம். வன்னி ஆள்தானே, அவனுக்குப் பொலிஸ் புதுசா? கொஞ்ச நாள்ல உட்டுடுவாங்க."

இருந்தவர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"எவனோ செஞ்சதுக்கு எங்களப் பிடிச்சாங்க எண்டுதானே இவ்வளவு நாளும் நாங்க அழுதோம்?" என்றேன். "பஸ்ஸுல எனக்குப் பக்கத்துல இருக்காம எழும்பிப் போனவளும் நீங்களும் என்ன வித்தியாசம் ஹாஜியார்?"

அதிபர்தான் வாய் திறந்தார். "டீச்சர், மெதுவாக் கதைங்க. வெளிய கேக்கும்."

காவலாளியை விளக்கமறியலில் வைத்தார்கள். ஹாஜியார் சொன்ன வக்கீல் வழக்கின் ஒரு தவணைக்கும் வரவில்லை. கேட்டால், அந்த நேரத்தில் தங்கள் பெயர் அதில் படுவது நல்லதில்லை என்று வக்கீலே சொன்னதாகப் பதில் வந்தது. பிணைக்கு என் கணவர்தான் நின்றார். அதற்காகவும் ஊரில் எங்களை ஒருமாதிரிப் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பொறுப்பதிகாரி, துணி பழுதானதால் வெட்டியது, அவமதிக்கும் நோக்கமில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். வழக்கு அதோடு முடிந்தது. சங்கத்துக்காரர் ஒருவரும் சொல்லத் துணியாததை அவர் சொன்னார்.

வழக்கு முடியும்வரை சங்கம் காத்திருக்கவில்லை. பாடசாலையின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி வேறு காவலாளியை வைத்துவிட்டார்கள். வீட்டையும் அந்தப் புதியவருக்கே கொடுத்துவிட்டார்கள். காவலாளி மறியலில் இருந்து வந்தபோது, மனைவி சாமான்களைக் கட்டி மதிலோரம் வைத்திருந்தாள். ஒரு அலுமாரி, இரண்டு சாக்கு, சட்டிபானை. நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு லாண்ட் மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகள் கேட்டார்கள், மாமா எங்கே என்று. அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லும்படி அதிபர் எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லியிருந்தார். என் வகுப்பில் நான் அப்படிச் சொல்லவில்லை. அவரைத் துரத்திவிட்டார்கள் என்றுதான் சொன்னேன்.

அடுத்த ஜனவரிக் கூட்டத்தில் ஹாஜியார் கொஞ்சமும் கூசாமல் என்னைக் கேட்டார். "டீச்சர், அண்டைக்கு ஒரு சைஸ் சொன்னீங்களே, அது எவ்வளவு?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். கொடி என்ன பாவம் செய்தது என்று சொன்னேன். ஆறுக்கு மூன்று வாங்கினார்கள். பின்னல் பொலியெஸ்டர். ஓரத்தில் நாலு வரிசை தையல், கித்தான் பட்டி, எல்லாம் நான் சொன்ன மாதிரியே. சுதந்திர தினப் பேச்சில் ஹாஜியார், எங்கள் காற்றுக்கு எது தாங்கும் என்று நன்றாக ஆராய்ந்து வாங்கிய கொடி என்று சொன்னார். கை தட்டினார்கள். அந்தக் கொடி இரண்டு கச்சானைத் தாண்டிவிட்டது, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ஆனால் இப்போதும் இரவில் இறக்குவதில்லை.

போன வருடம் பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ்ஸுக்காக நின்றபோது அவரைக் கண்டேன். உப்பு மூட்டை ஏற்றுகிற லொறியிலிருந்து இறங்கி, கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். கை உப்பில் வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் கிளாசை வைத்துவிட்டு எழும்பி நின்றார்.

"சுகமா இருக்கிறியளே ரீச்சர்? வீட்டில சேர் சுகமே?"

மனைவியைப் பற்றிக் கேட்டேன். மூச்சு முட்டுக் கூடிவிட்டது, உப்பளப் பக்கத்துக் காற்று ஒத்துவரவில்லை என்றார். திரும்ப எங்கள் பக்கம் வரலாமே, தெரிந்த இடத்தில் வேலை கேட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் கிளாசை எடுத்து மிச்சத்தையும் குடித்து முடித்துவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

"புதுக் கொடி போட்டதெண்டு கேள்விப்பட்டன். என்ன துணி ரீச்சர்?"

"நான் முதல்ல சொன்ன துணிதான். சைஸும் அதுதான்."

"அப்ப கிழியாது."

"கிழியாது. ஆனா பின்னேரத்துல எறக்குறாங்க இல்ல. எவ்வளவு சொல்லியும் கேக்குறாங்க இல்ல."

பஸ் வந்துவிட்டது. என் பையைத் தூக்கி உள்ளே தந்தார். நான் படியில் ஏறிய பிறகு, கோபமே இல்லாத குரலில், ஏதோ மறந்ததை ஞாபகப்படுத்துகிற மாதிரிச் சொன்னார்.

"இறக்கச் சொல்லுங்கோ ரீச்சர். ஆனா இறக்கிற ஆளை மட்டும் உங்கட ஆக்களில ஒருத்தரா வைக்கச் சொல்லுங்கோ."